பத்து மடங்கு விலை கொடுத்தால் பாட்டு பத்து மடங்கு நன்றாகக் கேட்குமா?

வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து பாட்டு கேட்க ஒரு நல்ல செட் வேண்டும் என்று தேட ஆரம்பித்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் திகைத்துப்போய் நிற்பார்கள். பார்வைக்கு ஒரே அளவில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள் இருக்கும். ஒன்றின் விலை இன்னொன்றைப் போல இருபது மடங்கு. ஆம்ப்ளிஃபயரில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. கேபிளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விலை கூடியதை வாங்கியவர் "ஒரு தடவை கேட்டுவிட்டால் பழையதற்குத் திரும்பவே முடியாது" என்பார். வாங்காதவர் "அத்தனையும் ஏமாற்று வேலை" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலிக் கருவிகளில் அசையும் பாகங்களுக்குக் கொடுக்கும் பணம் காதில் கேட்கும். அசையாத பாகங்களுக்குக் கொடுக்கும் பணம், ஓர் அடிப்படைத் தரத்தைத் தாண்டிய பிறகு, கேட்காது. அசையும் பாகம் என்றால் ஸ்பீக்கரின் கூம்பு, ஹெட்ஃபோனின் சவ்வு, இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசி. அசையாதவை ஆம்ப்ளிஃபயர், டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றும் டிஏசி, கேபிள். இவற்றோடு எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத ஒன்றும் சேர்கிறது: நாம் கேட்கும் அறை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசத்தைச் செய்கிறது.

இதற்குக் காரணம் எளிது. மின்சாரத்தை மின்சாரமாகவே கையாளுவதில் பொறியியல் எப்போதோ தேறிவிட்டது. போனில் செருகும் டாங்கிளுக்குள் இருக்கும் சின்ன சிப்கூட, மனிதக் காது கேட்கும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஒரு டெசிபெல்லின் சிறு பின்னத்துக்குள் சமமாக ஒலியைத் தந்துவிடுகிறது. அதன் சிதைவு ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் மின்சாரம் ஒரு காகிதக் கூம்பையோ பட்டுக் குமிழையோ தள்ளிக் காற்றை அசைக்க வேண்டும் என்று வந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. நல்ல ஸ்பீக்கரிலேயே இரண்டு மூன்று டெசிபெல் ஏற்ற இறக்கம் சகஜம். பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி சத்தமாக ஒலிக்கும்போது சிதைவு ஒரு சதவீதத்தைத் தாண்டுவதும் சகஜம். அதே ஸ்பீக்கரை அறையில் கொண்டுபோய் வைத்தால் பேஸ் பகுதியில் பத்து டெசிபெல்லும் அதற்கு மேலும் மேடு பள்ளம் வந்துவிடும். ஒரு பக்கம் சதவீதத்தில் நூறில் ஒரு பங்குச் சிக்கல், இன்னொரு பக்கம் பத்து டெசிபெல் சிக்கல். பணம் எங்கே போக வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

முதலில் அறை

அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. உங்கள் அறையின் நீளம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே போய்வரும் ஒலிக்கு 8 மீட்டர் பாதை. 343-ஐ 8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 43. அதாவது அந்த அறை 43 ஹெர்ட்ஸில் தானாகவே அதிர ஆரம்பிக்கும். அந்த அதிர்வு சுவர் ஓரங்களில் உச்சத்திலும், அறையின் நட்டநடுவில் அநேகமாகப் பூஜ்யமாகவும் இருக்கும். அகலத்துக்கும் உயரத்துக்கும் இதே கணக்கு தனித்தனியாக உண்டு.

இதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். டோன் ஜெனரேட்டர் என்று தேடினால் இலவச ஆப் நிறையக் கிடைக்கும். அறையின் நீளத்தை அளந்து, வரும் எண்ணுக்கு ஆப்பை வைத்து, ஓரளவு பேஸ் வரும் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை மெதுவாக நடந்து பாருங்கள். சுவரருகே நெஞ்சில் உணரும் அதிர்வு நடு அறைக்கு வந்ததும் காணாமல் போகும், மறுபக்கம் போனால் திரும்ப வரும். எத்தனை விலை உயர்ந்த ஸ்பீக்கரை வைத்தாலும் இது நடக்கும். சோபா நடுவில் இருந்தால் பேஸ் இல்லை என்று குறைப்படுவோம், பின்சுவரை ஒட்டியிருந்தால் ஒரே கும்கும் என்று குறைப்படுவோம். இரண்டுக்கும் ஸ்பீக்கர் பொறுப்பில்லை.

பேஸ் தேங்கும் அறையில் என்ன கெடுகிறது என்பதை மிருதங்கம் கேட்டால் உடனே பிடித்துவிடலாம். தொப்பிப் பக்கத்திலிருந்து எழும் கும்கி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்; ஒன்று ஏறுவதும் அடுத்தது இறங்குவதும் தெரிய வேண்டும். அறை இரைந்தால் முந்தைய அடியின் வால் அடுத்த அடியின் தலையை மூடிவிடும். எல்லா அடியும் ஒரே சுருதியில் ஒலிப்பதுபோலத் தோன்றும். வீணையின் மந்திர ஸ்தாயியும் இப்படித்தான் கரைந்து போகும்.

சரி செய்வதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணமாக அமையுங்கள். ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் சின்னப் பாகமான ட்வீட்டர் காது உயரத்துக்கு வரட்டும். நாற்காலியை நடு அறையிலிருந்தும் பின்சுவரிலிருந்தும் விலக்கி, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் எங்காவது போட்டுப் பாருங்கள். தரையில் கனமான விரிப்பு, சுவரில் நிறைந்த புத்தக அலமாரி, தடித்த திரை என்றால் எதிரொலி அடங்கும். மெல்லிய ஸ்பாஞ்ச் ஓடுகளை மட்டும் நம்ப வேண்டாம். அவை ட்ரெபிளை, அதாவது கீச்சொலியை, விழுங்கிவிட்டு பேஸை அப்படியே விட்டுவிடும். அறை மந்தமாகவும் இரைச்சலாகவும் ஒருசேர ஆகிவிடும். பேஸை உறிஞ்ச வேண்டுமானால் பொருள் சாண் கணக்கில் தடிமனாக இருக்க வேண்டும்.

இதற்கு அடுத்தபடி, அளவிடும் மைக் ஒன்றும் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும். உங்கள் நாற்காலியில் எந்த ஹெர்ட்ஸ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வரைபடமாகவே காட்டிவிடும். ஏறியிருக்கும் மேட்டை, ஒவ்வொரு ஹெர்ட்ஸ் பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் வெட்டலாம். பள்ளத்தை மட்டும் ஈக்வலைசரால் நிரப்ப முடியாது. அதற்கு நாற்காலியையோ ஸ்பீக்கரையோ நகர்த்தத்தான் வேண்டும். பேஸ் முக்கியம் என்றால், பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபரில் விலை உயர்ந்தது ஒன்றுக்குப் பதில் சாதாரண விலையில் இரண்டு வாங்கி எதிரெதிர்ச் சுவர்களின் மத்தியில் வைப்பதைத்தான் நான் சொல்வேன். ஒலிக் கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி 2000களின் தொடக்கத்தில் செய்த ஆய்வு, இப்படி வைத்தால் இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுவது வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது.

ஸ்பீக்கரில் எதுவரை போகலாம்

நல்ல ஸ்பீக்கர் எது என்பதை அவரவர் ரசனை என்று விட்டுவிடுவது வழக்கம். அது முழு உண்மை இல்லை. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃப்ளாய்ட் டூல், பிறகு அவரோடு ஹார்மனில் ஷான் ஆலிவ், ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து வருடக்கணக்கில் மக்களைக் கேட்கவைத்தார்கள். பார்க்காமல் கேட்கும்போது பெரும்பாலானோர் ஒரே மாதிரியான ஸ்பீக்கரையே தேர்ந்தெடுத்தார்கள்: நேராக வரும் ஒலி ஏற்றத்தாழ்வில்லாமல் இருப்பது, பக்கவாட்டில் போகும் ஒலியும் அதே குணத்தோடு சீராகக் குறைந்து போவது. 1994-இல் வெளியிட்ட ஆய்வில் அதே ஆட்கள் அதே ஸ்பீக்கர்களைத் திரையை விலக்கிக் கண்ணால் பார்த்தபடி கேட்டார்கள். மதிப்பெண்கள் மாறிவிட்டன. மறைவில் நன்றாக மதிப்பெண் வாங்கிய சின்ன, விலை குறைந்த செட், கண்ணுக்குத் தெரிந்ததும் கீழே இறங்கியது. கண்ணும் விலைச்சீட்டும் காதுக்குள் புகுந்துவிடுகின்றன. இது யாருடைய பலவீனமும் இல்லை, மனித மூளை வேலை செய்யும் விதமே அப்படி.

ஆகவே ஸ்பீக்கரின் விலையைப் பார்ப்பதற்கு முன் அதன் அளவீட்டு வரைபடத்தைப் பாருங்கள். ஸ்பினோரமா என்று தேடினால் ஏராளமான மாடல்களுக்குக் கிடைக்கிறது. கோடு எவ்வளவு சீராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பல மடங்கு விலையுள்ள சில ஸ்பீக்கர்களின் கோடு, நடுத்தர விலை ஸ்பீக்கரைவிட மேடு பள்ளமாக இருப்பதையும் பார்க்கலாம்.

அப்படியானால் பெரிய விலைக்கு ஸ்பீக்கரில் ஒன்றுமே கூடுதலாகக் கிடைப்பதில்லையா? கிடைக்கிறது. வடிவமைப்பாளர்கள் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்று சொல்வார்கள். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் நிறைய சத்தம் என்ற மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் கிடைக்கும். புத்தக அலமாரியில் வைக்கும் நல்ல ஸ்பீக்கர் 50, 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்; அதற்குக் கீழே அடங்கிவிடும். 25 ஹெர்ட்ஸ் வரை இறங்கி, பெரிய அறையை நிறைக்கும் சத்தத்திலும் திணறாமல் ஒலிக்க வேண்டுமானால் பெரிய பெட்டி, பெரிய கூம்பு, அதிராத கனமான உடல் எல்லாம் வேண்டும். அதற்கான மரமும் காந்தமும் உழைப்பும் நிஜமான செலவு. முழு வாத்திய கோஷ்டி ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகும்போது பெரிய ஸ்பீக்கரில் ஒலி விரியும், சின்ன ஸ்பீக்கரில் ஒலி இறுகும். இந்த வித்தியாசம் கற்பனை இல்லை. ஆனால் அது தெரிய பெரிய அறை வேண்டும், அந்தச் சத்தத்தில் கேட்கும் சுதந்திரமும் வேண்டும். சின்ன அறையில் மிதமான சத்தத்தில் கேட்பவருக்கு, நல்ல நடுத்தர ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்து கிட்டத்தட்ட அதே இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

ஸ்டூடியோக்களில் வைக்கும் ஆக்டிவ் மானிட்டரை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்கு வாங்குபவர்கள் பலருக்கு அந்தப் பக்கம் பார்வையே போவதில்லை. பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கும். பேஸ் தரும் வூஃபருக்கு ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று. ஒலியைப் பிரிக்கும் வேலை ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே முடிந்துவிடுவதால் ஒவ்வொரு கூம்பையும் துல்லியமாகக் கட்டுப்படுத்த முடிகிறது. ஜெனெலெக், நியூமன் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. வேலை செய்பவர்களுக்கான கருவி என்பதால் பணம் மரப்பூச்சுக்குப் போகாமல் ஒலிக்குப் போகிறது. குறைகளும் உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் பிளக் பாயின்ட் வேண்டும், சிலவற்றில் கிட்டப் போனால் லேசான இரைச்சல் கேட்கும், வரவேற்பறையில் அழகாக இருக்காது. இதெல்லாம் பரவாயில்லை என்பவர்களுக்கு, கொடுக்கும் பணத்துக்கு இதைவிட அதிகம் தரும் வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எல்லாம் ஒரே டப்பாவுக்குள் இருக்கும் வயர்லெஸ் ஸ்பீக்கர், வேலை பார்த்துக்கொண்டே கேட்பதற்குப் போதும். பாடகர் நடுவில், வயலின் இடதில், கஞ்சிரா வலதில் என்று ஒலியில் இடம் பிரிந்து தெரிய வேண்டுமானால் இரண்டு ஸ்பீக்கர் தள்ளித் தள்ளி வேண்டும்; அந்த டப்பாவால் அது முடியாது. இன்னொன்று, தயாரித்த நிறுவனம் ஆப்பை நிறுத்திவிட்டால் பொருளின் ஆயுளும் முடிந்துவிடும். உள்ளே ஆம்ப்ளிஃபயர் இல்லாத சாதாரண பாஸிவ் ஸ்பீக்கரில் இந்தக் கவலை இல்லை. கூம்பைச் சுற்றிய ஃபோம் பத்திருபது வருஷத்தில் உதிர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், ரப்பராக இருந்தால் இன்னும் நீடிக்கும்.

ஆம்ப்ளிஃபயர், டிஏசி, கேபிள்

ஆம்ப்ளிஃபயரில் பார்க்க வேண்டியது போதுமான பவர் இருக்கிறதா என்பதுதான். 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கர் ஜோடி, 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு அந்த 1 வாட்டிலேயே ஏறக்குறைய 80 டெசிபெல் கொடுத்துவிடும். வீட்டில் அது நல்ல சத்தம். இசையின் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபெல் வரை எகிறலாம். 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு பவர். ஆக, 100 வாட் ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளம். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓமுக்குக் கீழே இறங்கும் ரகமாகவோ, அறை மிகப் பெரியதாகவோ இருந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். 1987-இல் ஸ்டீரியோ ரெவ்யூ இதழ், விலையில் பல மடங்கு வேறுபட்ட ஆம்ப்ளிஃபயர்களைச் சத்த அளவைச் சமமாக்கி, பெயர் தெரியாமல் ரசிகர்களைக் கேட்கவைத்தது. நம்பும்படியாக யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயர் விதிவிலக்கு. அது ஸ்பீக்கரோடு சேர்ந்து ஒலியின் குணத்தையே கொஞ்சம் மாற்றும். அந்த மாற்றம் பிடித்தவர்கள் வாங்கலாம், ஆனால் அது கூடுதல் துல்லியம் கிடையாது.

சிடியைவிட நுணுக்கமான பதிவு என்று விற்கப்படும் ஹை-ரெஸ் என்ற முத்திரைக்கும் இதே கதைதான். 1982-இல் வந்த சிடி ஒலியை நொடிக்கு 44,100 தடவை, 16 பிட் துல்லியத்தில் அளந்து வைக்கிறது. அதுவே அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸ் வரை பதிவு செய்யும். நடுவயதைத் தொட்ட பலருக்கு 15,000-க்கு மேலேயே கேட்பதில்லை. 2007-இல் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில், ஹை-ரெஸ் ஒலியை நேராகவும், சிடி தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரி; காசைச் சுண்டிப் போட்டாலும் இதேதான் வரும். 18 ஆய்வுகளைச் சேர்த்து 2016-இல் ஜோஷுவா ரைஸ் செய்த அலசலில் சரியான பதில் 52.3 சதவீதம் என்று வந்தது. நன்கு பயிற்சி பெற்றவர்களுக்கு இது கணிசமாகக் கூடியது. வித்தியாசம் இருக்கலாம், ஆனால் சாதாரண ரசிகர் அதற்காகச் செட்டையே மாற்றுகிற அளவுக்கு இல்லை.

கேபிளுக்கு ஒரு கணக்கே போதும். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, 3 மீட்டர் போய்வர, 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதனால் ஏற்படும் இழப்பு ஒரு டெசிபெல்லில் இருபதில் ஒரு பங்கு. சாதாரண தடித்த செப்புக் கம்பியை வாங்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

இசைத்தட்டும் ஹெட்ஃபோனும்

டர்ன்டேபிளில் பணம் ஓரளவு கேட்கும், ஏனென்றால் அங்கே ஊசி அசைகிறது. ஊசியின் வடிவம், ஊசியின் அசைவை மின் அலையாக்கும் கார்ட்ரிட்ஜ், அதைத் தாங்கும் கை எல்லாம் ஒலியை நிஜமாகவே மாற்றும். ஆனால் இசைத்தட்டுதான் உயர்ந்தது, டிஜிட்டலில் உயிர் இல்லை என்று நம்பி அந்தப் பக்கம் போகிறவர்கள் 2022-இல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டுகளை, முழுக்க முழுக்க அனலாக் என்று நம்பிச் சேகரிப்பாளர்கள் கொண்டாடினார்கள். அவற்றில் பலவற்றின் தயாரிப்பில் நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்ததை அந்த ஆண்டு நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதுவரை எந்தக் காதும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. இசைத்தட்டின் அட்டை, அதைக் கையில் எடுத்துப் போடும் சடங்கு, ஒரு பக்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்கவைக்கும் பழக்கம் ஆகியவை எனக்கும் பிடிக்கும். அவற்றுக்காக வாங்குவது நல்ல காரணம்.

ஹெட்ஃபோன் இந்தப் பட்டியலிலேயே பணத்துக்கு அதிகம் தருவது, ஏனென்றால் அறை என்ற பெரும் பிரச்சினையே அதில் இல்லை. விலைக்கும் தரத்துக்கும் தொடர்பு இங்கேயும் பலவீனம். ஜெரோன் பிரேபார்ட் 2017-இல் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று கண்டார். 1997-இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 இன்னும் ஒப்பீட்டுக்கு அளவுகோலாக இருக்கிறது. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் இரவில் கேட்பவர்கள், அடிக்கடி வீடு மாற்றுபவர்கள், யோசிக்காமல் இதையே எடுக்கலாம். உடம்பில் மோதும் பேஸும், எதிரே மேடை இருப்பது போன்ற உணர்வும் மட்டும் கிடைக்காது.

ஒலியைத் தாண்டி விலை உயர்ந்த கருவியில் வேறு மதிப்பும் உண்டு என்பதை நான் மறுக்க மாட்டேன். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கைக்குக் கிடைக்கும் கனம், மரவேலை, முப்பது வருஷம் கழித்தும் சர்வீஸ் கிடைக்கும் என்ற உறுதி. இவை நிஜமான மதிப்புகள். பணம் தாராளமாக இருந்து, அந்த அழகு தினமும் மகிழ்ச்சி தரும் என்றால் வாங்குவதில் தவறே இல்லை. கடன் வாங்கியோ, வேறு செலவைத் தள்ளிப்போட்டோ, பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கும் என்ற நம்பிக்கையில் ஆம்ப்ளிஃபயரையும் கேபிளையும் மாற்றுபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கச்சேரி டிக்கெட்டுக்கும் நல்ல பதிவுகளுக்கும் செலவழித்தால் காது எவ்வளவோ வளரும். மாஸ்டரிங் என்ற கடைசிக்கட்டத் தயாரிப்பில் சத்தத்தை நசுக்கி ஏற்றிய பாட்டை எந்தக் கருவியாலும் விரிக்க முடியாது.

வாங்கப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான பாட்டுகளையே கொண்டுபோங்கள். இரண்டு கருவியை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கச் சொல்லுங்கள். அரை டெசிபெல் கூடினாலும் கூடியதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். எது ஓடுகிறது என்று தெரியாமல், சில நொடிகளுக்குள் மாற்றி மாற்றிக் கேளுங்கள், ஏனென்றால் நுண்ணிய ஒலி வித்தியாசம் அதற்கு மேல் நினைவில் நிற்காது. முடிந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு வீட்டுக்கே கொண்டுவந்து கேளுங்கள். ஏற்கெனவே ஒரு சுமாரான செட் இருக்கிறதென்றால் எதையும் வாங்குவதற்கு முன்னால் நாற்காலியையும் ஸ்பீக்கரையும் நகர்த்தி, மைக் வைத்து அளந்து, மேடுகளை வெட்டிவிட்டு ஒரு மாதம் கேளுங்கள். அப்புறமும் குறை தெரிந்தால் ஸ்பீக்கரை மாற்றலாம். ஆம்ப்ளிஃபயர் நிஜமாகவே திணறினால் ஒழிய அதைத் தொட வேண்டாம்.